பிள்ளைக்கு முகம் வீங்குது, அப்பாவுக்குக் கால் வீங்குது: நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் முதுநகரில் ஒரு லேப்பில் வேலை பார்க்கிறேன். சிறுநீர் பாட்டிலை வாங்கும்போதும் ரிப்போர்ட்டைக் கொடுக்கும்போதும் ஜனங்கள் கேட்கிற கேள்விகள்தான் இவை. நெஃப்ரோடிக் சிண்ட்ரோம் என்றால், சிறுநீரகத்தின் வடிகட்டி கெட்டு, ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகி, உடம்பு வீங்குவது. மருந்து எழுதுவது என் வேலை இல்லை. அதனால் சிகிச்சையை ஓரமாகத் தொட்டுவிட்டு, இந்த நோய் எதனால் வருகிறது, எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்.

காலையில் குழந்தையின் கண் இமை வீங்கியிருக்கிறது, சாயந்தரம் சரியாகிவிடுகிறது. பூச்சி கடித்திருக்குமா?

பூச்சி கடித்தால் பெரும்பாலும் ஒரு கண்தான் வீங்கும், அரிக்கும், ஓரிரு நாளில் அடங்கிவிடும். இரண்டு கண்ணும் சேர்ந்து, நாலைந்து நாளாக விடாமல், காலையில் ஊதியும் மாலையில் வடிந்தும் இருந்தால் சிறுநீரைப் பார்த்துவிடுவது நல்லது. படுத்திருக்கும்போது நீர் முகத்தில் தேங்கும். எழுந்து ஓடியாடியதும் காலுக்கு இறங்கிவிடும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது முகம் பளிச்சென்று இருக்கும், ஆனால் சாக்ஸைக் கழற்றினால் ரப்பர் இருந்த இடம் பள்ளமாகப் பதிந்திருக்கும். விரலால் கணுக்கால் எலும்பின் மேல் சில நொடி அமுக்கிப் பாருங்கள். குழி விழுந்து, மெதுவாக நிரம்பினால் அது நீர் வீக்கம்.

எங்களிடம் வருகிற பிள்ளைகளில் பலர் முதலில் கண் டாக்டரிடம் போய், அலர்ஜிக்குச் சொட்டு மருந்து விட்டுப் பார்த்துவிட்டு வருபவர்கள். 'பிள்ளை இப்பதான் நல்லா சதை போடுறான்' என்று பாட்டி சந்தோஷப்பட்ட வீடுகளும் உண்டு. இரண்டு வாரத்தில் இரண்டு மூன்று கிலோ ஏறினால் அது சதையாக இருக்க முடியாது. வயிறு உப்புவதும், ஆண் பிள்ளைகளுக்கு விதைப்பை வீங்குவதும் இதனோடு சேர்ந்தே வரும்.

எல்லா வீக்கமும் நெஃப்ரோடிக் ஆகிவிடுமா? எதை வைத்து அந்தப் பெயரைச் சொல்கிறார்கள்?

ஆகாது. இதயம் பலவீனமானாலும், கல்லீரல் கெட்டாலும், தைராய்டு குறைந்தாலும், சத்துக்குறைவாலும் உடம்பு வீங்கும். நெஃப்ரோடிக் என்று சொல்ல முக்கியமாக மூன்று விஷயம் சேர வேண்டும்: வீக்கம், சிறுநீரில் அளவுக்கு மீறிப் புரதம் போவது, ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைவது. கொலஸ்ட்ரால் ஏறுவது கூடவே வரும் நாலாவது.

ஆரோக்கியமான ஒருவருக்கு ஒரு நாளைக்கு 150 மில்லிகிராமுக்குக் குறைவாகத்தான் சிறுநீரில் புரதம் போகும். பெரியவர்களுக்கு இது 3.5 கிராமைத் தாண்டினால் நெஃப்ரோடிக் அளவு என்பார்கள். குழந்தைகளுக்கு முழு நாள் சிறுநீர் பிடிப்பது பெரும்பாடு. அதனால் ஒரே ஒரு மாதிரியில் புரதத்தையும் கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளையும் அளந்து வகுத்துப் பார்க்கிறோம். அந்த விகிதம் 2-க்கு மேல் போனால் நெஃப்ரோடிக் அளவு. ரத்த அல்புமின் சாதாரணமாக ஒரு டெசிலிட்டருக்கு (100 மி.லி.) 3.5 முதல் 5 கிராம் வரை இருக்கும். இந்த நோயில் 3-க்குக் கீழே, பல சமயம் 2-க்கும் கீழே இறங்கியிருக்கும்.

ரத்தத்தில் கொழுப்பு ஏறியிருப்பது பல சமயம் எங்கள் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். ரத்தத்தைச் சுழற்றி எடுத்ததும் மேலே நிற்கிற சீரம் தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டும். நெஃப்ரோடிக் ஆட்களில் பலருக்கு அது பால் கலந்தது மாதிரி மங்கலாக நிற்கும். எண் வருவதற்கு முன்பே ஒரு சந்தேகம் வந்துவிடும்.

புரதம் ஏன் ஒழுகுகிறது?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ரத்தம் அதன் வழியாகப் போகும்போது கழிவும் நீரும் வெளியேறும், அல்புமின் போன்ற பெரிய புரதங்கள் உள்ளேயே நின்றுவிடும். அந்த வடிகட்டியின் வெளிப்பக்கத்தைப் போடோசைட் என்ற செல்கள் விரல் கோத்ததுபோல் கால்களைப் பின்னிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நெஃப்ரோடிக்கில் அடிபடுவது பெரும்பாலும் இந்தச் செல்கள்தான். பின்னல் தட்டையாகிவிட்டால் அல்புமின் வெளியே போய்விடும். ரத்தத்தில் நீரைப் பிடித்து வைக்கிற புரதம் குறைகிறது, சிறுநீரகமும் உப்பை வெளியே விடாமல் சேர்த்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்துதான் உடம்பில் நீர் கோத்துக்கொள்கிறது.

சரி, என் பிள்ளைக்கு இது எதனால் வந்தது?

இரண்டு வயதிலிருந்து ஆறேழு வயதுக்குள்தான் அதிகம் பார்க்கிறோம். ஆண் பிள்ளைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த வயதில் வருவதில் பத்தில் எட்டுக்கு மேல் மினிமல் சேஞ்ச் என்கிற வகை. சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் வடிகட்டி எந்தக் குறையும் இல்லாமல் தெரியும். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால்தான் போடோசைட் கால்கள் தட்டையாகிப் போனது புரியும். உடம்பின் எதிர்ப்புச் சக்தி தடம் மாறிப் போடோசைட்டைத் தொந்தரவு செய்வதுதான் காரணம் என்பது இன்றைய புரிதல். சளி, காய்ச்சல் மாதிரி ஒரு தொற்று வந்த கையோடு இது தலைகாட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீட்டில் எல்லோருக்கும் மூக்கு ஒழுகுகிற நாட்களில், ஏற்கெனவே இந்த நோய் வந்து அடங்கிய பிள்ளைகளுக்குத் திரும்பவும் புரதம் போகத் தொடங்குவது வழக்கமாக நடக்கிறது.

மீதியில் எஃப்.எஸ்.ஜி.எஸ். என்ற வகை முக்கியமானது. வடிகட்டிகளில் சிலவற்றில், அதிலும் ஒரு பகுதியில் மட்டும் தழும்பு விழுகிறது. மருந்துக்கு லேசில் அடங்காது. ஹெபடைடிஸ் பி, பெண் பிள்ளைகளுக்கு வயது வரும் பருவத்தில் லூபஸ் (எதிர்ப்புச் சக்தி சொந்த உடம்பையே தாக்குகிற நோய்) என்று வேறு காரணங்களும் உண்டு, ஆனால் சிறு குழந்தைகளில் அவை அபூர்வம்.

நாங்கள் ஏதாவது தப்பாகக் கொடுத்துவிட்டோமா? கருவாடு, சிப்ஸ், முட்டை?

இல்லை. எங்கள் ஊரில் கருவாடு இல்லாத வீடு குறைவு. அதனால் இந்த நோய் வருமென்றால் முதுநகர் முழுக்க வீங்கியிருக்க வேண்டும். உப்பு வீக்கத்தைக் கூட்டும், நோயை உண்டாக்காது. வீக்கம் இருக்கிற நாட்களில் கருவாடு, ஊறுகாய், அப்பளம், பாக்கெட் நொறுக்குத் தீனி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வது அதற்காகத்தான். 'போன புரதத்தை ஈடுகட்டுகிறேன்' என்று ஐந்தாறு முட்டை வெள்ளையைத் திணிப்பதும் வேண்டாத வேலை. வயதுக்கு உரிய அளவு போதும்.

இது ஒட்டுவாரொட்டி இல்லை. தம்பிக்கும் தங்கைக்கும் தொற்றாது. சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தானா என்று கேட்பவர்களுக்கு: மருந்துக்குக் கேட்கிற சாதாரண வகையில் பரம்பரை பெரிதாக வருவதில்லை. மருந்துக்கு அடங்காத வகையில் ஒரு பகுதி மரபணுக் கோளாறால் வருகிறது. பெற்றோர் நெருங்கிய உறவாக இருந்தால் அந்த வாய்ப்பு கூடும்.

பிறந்து இரண்டு மாதமே ஆன குழந்தைக்கு வருமா?

வரும், ஆனால் அது வேறு கதை. பிறந்து மூன்று மாதத்துக்குள் வந்தால் பிறவி வகை என்பார்கள். நெஃப்ரின் என்ற புரதத்தை உண்டாக்கும் மரபணுவில் உள்ள குறை அதில் முக்கியமானது. தாய்க்குச் சிஃபிலிஸ் போன்ற தொற்று இருந்து குழந்தைக்கு வருவதும் உண்டு, அதைக் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம். ஒரு வயதுக்குள் வீக்கமும் புரதமும் வந்தால் மரபணுப் பரிசோதனை வரை போக வேண்டியிருக்கும். இங்கே உள்ளூரில் மாத்திரை வாங்கிக் கொடுத்துப் பார்க்கிற வேலையே கூடாது.

பிள்ளைக்குச் சிரங்கு வந்து ஆறியது. அப்புறம் முகம் வீங்கி, சிறுநீர் பால் விடாத டீ நிறத்தில் போகிறது. இதுவும் அதுதானா?

அநேகமாக இல்லை. இது நெஃப்ரைடிஸ். தொண்டைப் புண் அல்லது தோல் புண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால், ஒன்றிலிருந்து ஆறு வாரம் கழித்து வடிகட்டிகள் அழற்சி காண்பது. இதில் ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீர் குறையும், நிறம் கோலா மாதிரி இருக்கும். நுண்ணோக்கியில் சிவப்பணுக்கள் கூட்டமாகத் தெரியும். ரத்தத்தில் சி3 என்ற பொருள் குறைந்து, சில வாரங்களில் தானே பழைய நிலைக்கு வரும். நெஃப்ரோடிக்கில் பெரும்பாலும் சிறுநீர் நிறம் மாறாது, நுரைக்கும், புரதம் மிக அதிகமாகப் போகும். இரண்டும் கலந்து வருகிற சிக்கலான நோயாளிகளும் உண்டு. ரத்த அழுத்தம் திடீரென்று ஏறி வலிப்பு வரலாம் என்பதால் கோலா நிறச் சிறுநீரை நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

பெரியவர்களுக்கு என்ன காரணம்?

இங்கேதான் பட்டியல் நீள்கிறது. சிறுநீரகத்திலேயே தொடங்குகிற நோய்கள் ஒரு பக்கம்: மெம்ப்ரேனஸ் (வடிகட்டியின் சவ்வு தடித்துப்போவது), எஃப்.எஸ்.ஜி.எஸ்., மினிமல் சேஞ்ச். பெரியவர்களில் மினிமல் சேஞ்ச் பத்தில் ஒன்று, ஒன்றரைதான். உடம்பில் வேறெங்கோ இருக்கிற நோய் சிறுநீரகத்தைப் பிடிப்பது இன்னொரு பக்கம்: சர்க்கரை நோய், லூபஸ், ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி., அமிலாய்டு (ஒரு வகைப் புரதம் உறுப்புகளில் படிவது). நம் நாட்டில் நெடுநாள் காசநோயால் அமிலாய்டு படிவது இன்னும் இருக்கிறது. வயதானவர்களுக்கு மயலோமா என்கிற எலும்புமஜ்ஜைப் புற்றுநோயையும் மறக்கக் கூடாது. இதில் ஒரு பொறி இருக்கிறது: சிறுநீர் ஸ்ட்ரிப் (நனைத்தால் நிறம் மாறுகிற சோதனைப் பட்டை) முக்கியமாக அல்புமினைத்தான் பிடிக்கும், மயலோமா வெளியே விடுகிற துண்டுப் புரதத்தைப் பிடிக்காது. ஸ்ட்ரிப்பில் குறைவாகவும் ஆய்வக அளவீட்டில் மிக அதிகமாகவும் வந்தால் டாக்டர் அந்தத் திசையில் யோசிப்பார்.

அறுபதைத் தாண்டியவருக்கு மெம்ப்ரேனஸ் என்று வந்தால் நுரையீரல், குடல் என்று எங்காவது புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று தேடுவார்கள். பயமுறுத்துவதற்காக இல்லை. அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் சிறுநீரகமும் சில சமயம் தேறிவிடும்.

மெம்ப்ரேனஸில் 2009-இல் ஒரு பெரிய திறப்பு கிடைத்தது. பி.எல்.ஏ.2.ஆர். என்ற, போடோசைட்டிலேயே இருக்கிற ஒரு புரதத்தை உடம்பே எதிரியாக நினைத்துத் தாக்குகிறது என்று தெரிந்தது. தானாக வருகிற மெம்ப்ரேனஸ் நோயாளிகளில் பத்துப் பேருக்கு ஏழெட்டுப் பேரிடம் இந்த எதிர்ப்பொருளை ரத்தத்திலேயே பார்க்கலாம். சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிற சிலருக்கு அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்தே நோயை முடிவுசெய்து, பயாப்ஸியை, அதாவது ஊசியால் சிறுநீரகச் சதை எடுப்பதைத் தவிர்க்க முடிகிறது.

எனக்குச் சுகர் இருக்கிறது. அப்படியென்றால் காரணம் சுகர்தானே?

பெரும்பாலும் ஆமாம், எப்போதும் இல்லை. சுகரால் வருவது மெதுவாக, வருடக்கணக்கில் ஏறும். கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்தால் பெரும்பாலும் அங்கேயும் சேதம் தெரியும். இதற்கு மாறாக, போன மாதம் வரை புரதம் இல்லாதவருக்குத் திடீரென்று உடம்பு முழுக்க வீங்கினாலோ, சுகர் வந்து இரண்டு மூன்று வருடமே ஆகியிருந்தாலோ, விழித்திரை சுத்தமாக இருந்தாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ சந்தேகப்பட வேண்டும். சுகர் உள்ளவருக்கும் மெம்ப்ரேனஸ் வரலாம். எல்லாவற்றையும் சுகர் தலையில் கட்டிவிடுவதால் நழுவிப்போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது என் ஆதங்கம். ஒவ்வொரு வருடமும் சிறுநீர் அல்புமினைப் பார்த்துவந்தால், ஏறியது மெதுவாகவா திடீரென்றா என்பது காகிதத்திலேயே இருக்கும்.

நாட்டு மருந்து சாப்பிட்டேன், முகத்துக்கு ஒரு கிரீம் போட்டேன். அதைச் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். சிகப்பழகு கிரீம்களில் பாதரசம் கலந்தவை உண்டு. லேபிளில் தயாரித்தவர் பெயரே இருக்காது. கேரளத்தில் இப்படிக் கிரீம் போட்டவர்களுக்கு நெல்-1 என்ற வகை மெம்ப்ரேனஸ் வந்ததைச் சிறுநீரக மருத்துவர்கள் பதிவுசெய்து வெளியிட்டார்கள். பாதரசம் கலந்த பாரம்பரிய மருந்துகளைச் சாப்பிட்டவர்களிடமும் இதே வகை பதிவாகியிருக்கிறது. இதில் ஒரு நல்ல செய்தி, அந்தப் பொருளை நிறுத்தினாலே பலருக்குப் புரதம் குறைந்துவிடுகிறது. ஆனால் நிறுத்தச் சொல்ல, நீங்கள் முதலில் சொல்ல வேண்டுமே. கிரீம் விஷயத்தை வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வைத்திருக்கிற பெண்கள் டாக்டரிடமும் மறைத்துவிடுகிறார்கள். டப்பாவையே பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

சித்த வைத்தியம் முழுவதையும் குற்றம் சொல்லவில்லை. எந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல், பெயர் இல்லாத பொட்டலத்தைச் சாப்பிடுவதுதான் ஆபத்து. மூட்டு வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் போடுகிற டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரைகளும் நெஃப்ரோடிக்கை உண்டாக்கும். வாழைத்தண்டு சாறு, நெருஞ்சில் கஷாயம், பார்லி கஞ்சி? சிறுநீர் கொஞ்சம் கூடலாம், புரதம் நிற்காது. அவற்றை நம்பி மாதங்களைக் கடத்துவதுதான் நஷ்டம்.

சிப்காட் தொழிற்பேட்டை பக்கம் குடியிருக்கிறோம். காற்றும் தண்ணீரும்தான் காரணமோ?

நியாயமான கேள்வி. அந்தப் பகுதியில் ரசாயன வாடை பற்றிய புகார்கள் பழையவை. பாதரசம் போன்ற உலோகங்கள் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் ஒரு தனி ஆளின் வீக்கத்தைப் பார்த்து இன்ன ஆலையால் வந்தது என்று சொல்ல முடியாது. என்ன வேலை, எந்த ரசாயனத்தைக் கையாளுகிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். தேவைப்பட்டால் ரத்தத்திலும் சிறுநீரிலும் உலோக அளவைப் பார்க்கச் சொல்வார். அதற்காக வழக்கமான காரணங்களைத் தேடாமல் விடக் கூடாது.

கால் வீக்கம் என்றதும் யானைக்கால் என்கிறார்கள். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இந்தக் கரையோரத்தில் அப்படி நினைப்பது இயல்புதான். புதுச்சேரியும் கடலூரும் நெடுங்காலம் யானைக்கால் இருந்த பகுதிகள். புதுச்சேரியில் 1975-இல் தொடங்கிய கொசு ஆராய்ச்சி நிலையம் பல வருடம் இதற்காகவும் உழைத்திருக்கிறது. யானைக்கால் வீக்கம் பெரும்பாலும் ஒரு காலில் கூடுதலாக இருக்கும். நாளாக ஆகத் தோல் தடித்து, அமுக்கினாலும் குழி விழாது, முகம் வீங்காது. நெஃப்ரோடிக் இரண்டு காலிலும் சமமாக, குழி விழும்படி, முகத்தோடு சேர்ந்து வரும்.

ஆனால் ஒரு குழப்பம் உண்மையிலேயே உண்டு. ஃபைலேரியா புழு நிணநீர்க் குழாயை அடைத்து, அது சிறுநீர்ப் பாதையில் கசிந்தால் சிறுநீர் பால் மாதிரி வெள்ளையாகப் போகும். கைலூரியா என்பார்கள். எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்ட பிறகு இன்னும் வெள்ளையாகும், சில சமயம் பாட்டிலில் தயிர்க் கட்டி மாதிரி உறையும். அதைச் சோதித்தால் புரதம் 3+, 4+ (மிக அதிகம்) என்று வரும், நெஃப்ரோடிக் என்று முத்திரை குத்திவிடலாம். உண்மையில் ஓட்டை வடிகட்டியில் இல்லை, நிணநீர்க் குழாயில். கைலூரியாவில் கொலஸ்ட்ரால் பொதுவாக ஏறியிருக்காது, சிறுநீரில் கொழுப்பு இருக்கும். ஆகவே சிறுநீர் வெள்ளையாகப் போனால், நிறத்தையும் சாப்பாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். புழுவைத் தேட ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் இரவு பத்து மணிக்கு மேல் எடுப்பார்கள். நம் பகுதி ஃபைலேரியா புழுக்குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்துக்கு வரும்.

சிறுநீர் நுரைத்தாலே பயப்பட வேண்டுமா?

வேகமாகப் போனாலும், கழிவறையில் ஊற்றிய கிளீனர் மிச்சம் இருந்தாலும் நுரைக்கும். தண்ணீர் ஊற்றியும் போகாமல், தினமும் நுரை நின்றால் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். செலவு மிகக் குறைவு.

சிறுநீர் மாதிரியை எப்படிப் பிடிக்க வேண்டும்?

காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர். சும்மா சடங்குக்காகச் சொல்வதில்லை. சில வளரிளம் பிள்ளைகளுக்கு நின்று நடமாடும்போது மட்டும் கொஞ்சம் புரதம் போகும், படுத்து எழுந்தால் இருக்காது. அது நோயே இல்லை. மதியம் கொண்டுவந்த பாட்டிலை வைத்து அவர்களைக் கலவரப்படுத்திவிடக் கூடாது. நல்ல காய்ச்சல், கடும் விளையாட்டு, சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் இருக்கும்போதும் முடிவு குழம்பும்.

24 மணி நேரச் சிறுநீர் கேட்டிருந்தால் பாதிப் பேர் தப்பாகப் பிடிக்கிறார்கள். காலை ஆறு மணிக்குத் தொடங்குவதானால், அந்த ஆறு மணிச் சிறுநீரைக் கழிவறையில் விட்டுவிடுங்கள். அதன் பிறகு போகிற ஒவ்வொன்றையும், மறுநாள் ஆறு மணிக்குப் போவதையும் சேர்த்துக் கேனில் ஊற்றுங்கள். நடுவில் கடைத்தெருவில் போனது, மலம் கழிக்கும்போது போனது விட்டுப்போனால் கணக்கு குறையும். சித்திரை வெயிலில் கேனைத் திண்ணையில் வைக்காதீர்கள், நிழலில், குளிர்ச்சியான இடத்தில் மூடி வையுங்கள். மினரல் வாட்டர் கேன் சரி. ஜூஸ் பாட்டில், ஊறுகாய் டப்பா வேண்டவே வேண்டாம்.

வீட்டிலேயே புரதம் பார்க்கச் சொன்னார்கள். எப்படி?

மூன்று வழி உண்டு. ஸ்ட்ரிப்பை நனைத்து, டப்பாவில் போட்டிருக்கிற நிறத்தோடு, சொன்ன நொடிக்குள் ஒப்பிடுவது சுலபம். டப்பாவின் மூடியைத் திறந்து வைத்தால் ஈரக்காற்றில் ஸ்ட்ரிப் கெட்டுவிடும், நம் கடற்கரை ஊரில் சீக்கிரமாகவே.

இரண்டாவது சல்ஃபோசாலிசிலிக் அமிலம். தெளிந்த சிறுநீரில் சில சொட்டு விட்டால், புரதம் இருக்கிற அளவுக்குக் கலங்கும். டெஸ்ட் ட்யூபுக்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடியுங்கள். எழுத்து படிக்க முடிந்தால் 1+. எழுத்து இருப்பது தெரிகிறது, படிக்க முடியவில்லை என்றால் 2+. எழுத்தே தெரியாவிட்டால் 3+. திரிதிரியாகத் திரண்டால் 4+.

மூன்றாவது பழைய சூடு முறை. டெஸ்ட் ட்யூபில் முக்கால் பாகம் ஊற்றி, சாய்த்துப் பிடித்து மேல் பகுதியை மட்டும் காய்ச்ச வேண்டும். மேலே கலங்கினால் அடியில் தெளிவாக இருக்கிற பகுதியோடு ஒப்பிடலாம். ஓரிரு சொட்டு அசெட்டிக் அமிலம் விட்டும் கலங்கல் போகவில்லை என்றால் புரதம். கலங்கல் மறைந்தால் அது வெறும் பாஸ்பேட். 1827-இல் லண்டனில் ரிச்சர்ட் பிரைட் வீக்கத்தையும், சிறுநீர் அல்புமினையும், சிறுநீரக நோயையும் ஒன்றாகக் கோத்துச் சொன்னபோது, அவர் காலத்தில் கரண்டியில் சிறுநீரை ஊற்றி மெழுகுவத்தியில் காட்டித்தான் பார்த்தார்கள்.

முடிவைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்று நாள் தொடர்ந்து 3+ அல்லது அதற்கு மேல் என்றால் நோய் திரும்பிவிட்டது. மூன்று நாள் தொடர்ந்து இல்லை அல்லது லேசான சாயல் மட்டும் என்றால் அடங்கிவிட்டது. ஒரு நாள் 2+ வந்ததற்காக நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டாம்.

ரத்தத்தில் என்னென்ன பார்க்கிறார்கள்? ரிப்போர்ட்டில் எல்லாமே தடித்த எழுத்தில் வருகிறதே.

அல்புமின், கொலஸ்ட்ரால், யூரியா, கிரியாட்டினின் (ஊரில் 'உப்பு' என்கிறோமே, அது) எல்லோருக்கும் உண்டு. சி3, ஏ.என்.ஏ. (லூபஸைத் தேடும் சோதனை), ஹெபடைடிஸ், எச்.ஐ.வி. ஆகியவை ஆளைப் பொறுத்து. சிறுநீரக ஸ்கேன் ஒன்று. எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற ஸ்டீராய்டு மருந்தைத் தொடங்கும் முன் காசநோய் இருக்கிறதா என்று கையில் ஊசி போட்டும், மார்பு எக்ஸ்ரே எடுத்தும் பார்ப்பார்கள். ஒளிந்திருக்கும் காசநோயை ஸ்டீராய்டு கிளப்பிவிடும்.

தடித்த எழுத்தைப் பார்த்து மிரள வேண்டாம். ஈ.எஸ்.ஆர். (சிவப்பணுக்கள் அடியில் படிகிற வேகம்) இந்த நோயில் 100-ஐத் தாண்டுவது உண்டு, அதுவே காசநோய்க்கு அத்தாட்சி ஆகாது. மொத்தக் கால்சியம் குறைவாக வரும், ஏனென்றால் கால்சியத்தைச் சுமக்கிற அல்புமின் குறைந்துவிட்டது. தைராய்டு எண்களும் கொஞ்சம் தள்ளாடும். தடித்து வருகிற ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு மாத்திரை தேடக் கூடாது.

தங்கச்சி பையனுக்குச் சதை எடுக்காமலே மருந்து கொடுத்தார்கள். அப்பாவுக்கு மட்டும் ஏன் பயாப்ஸி?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் குழந்தைக்கும் பெரியவருக்கும் கண்டறிகிற வழி நேர் எதிர்.

குழந்தைக்கு மினிமல் சேஞ்ச் ஆக இருக்க மிக அதிக வாய்ப்பு. அதில் பெரும்பாலானவை ஸ்டீராய்டுக்கு அடங்கும், அதுவும் நான்கு வாரத்துக்குள். ஆகவே ஊசியால் குத்திப் பார்ப்பதைவிட மருந்து கொடுத்துப் பார்ப்பதே நல்ல பரிசோதனை. புரதம் நின்றால் பயாப்ஸி தேவையில்லை. ஆறு வாரம் தினமும் கொடுத்தும் நிற்காவிட்டால்தான் அடுத்த கட்டம். ஒரு வயதுக்குக் கீழ், பன்னிரண்டு வயதைத் தாண்டியவர்கள், சிறுநீரில் கண்ணுக்குத் தெரிகிற ரத்தம், விடாத ரத்த அழுத்தம், குறைந்த சி3, ஏறி நிற்கும் கிரியாட்டினின் என்று ஏதாவது இருந்தால் குழந்தைக்கும் பயாப்ஸியோ மரபணுப் பரிசோதனையோ முன்னதாகவே வரும்.

பெரியவருக்கு அப்படி ஊகிக்க முடியாது. மெம்ப்ரேனஸாக இருந்தால் மூன்றில் ஒருவருக்குத் தானாகவே அடங்கும், காத்திருந்து பார்க்கலாம். லூபஸாக இருந்தால் காத்திருக்கக் கூடாது, மருந்தே வேறு. அமிலாய்டுக்கு வெறும் ஸ்டீராய்டு உதவாது. சுகரால் வந்ததற்கு ஸ்டீராய்டு கொடுத்தால் சுகர் எகிறுவதுதான் மிச்சம். எது என்று தெரியாமல் கொடுக்கிற மருந்தின் விலையை உடம்பு கட்டும். வயதில் மூத்தவருக்கு ஊசி போடுகிறார்களே என்று மனசு அடித்துக்கொள்வது சகஜம், ஆனால் அதைத் தட்டிக்கழித்து ஆறு மாதம் ஸ்டீராய்டு மட்டும் விழுங்குவது அதைவிட மோசம்.

பயாப்ஸியில் என்ன செய்வார்கள்? கிட்னி வீணாகிவிடாதா?

ரத்தம் உறைகிற தன்மையைச் சோதித்து, ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்து, ஆஸ்பிரின் மாதிரி மாத்திரைகளை முன்பே நிறுத்தச் சொல்வார்கள். குப்புறப் படுக்க வைத்து, வயிற்றின் கீழ் தலையணை கொடுத்து, முதுகில் மரத்துப்போக ஊசி போடுவார்கள். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே மெல்லிய ஊசியைச் செலுத்துவார்கள். 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சொன்ன நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் தூக்க மருந்து கொடுப்பார்கள். எடுப்பது ஒன்றிரண்டு செ.மீ. நீள நூல் அளவுத் திசு. பிறகு மல்லாந்து படுத்து, சிறுநீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு நாள் வரை இருக்க வேண்டும். கொஞ்சம் சிவந்து போகலாம். ரத்தம் ஏற்றவோ மேற்கொண்டு வைத்தியம் செய்யவோ வேண்டியிருப்பது மிகச் சிலருக்குத்தான். அந்த நூல் அளவால் சிறுநீரகத்தின் வேலை குறையாது.

திசுவைச் சாதாரண நுண்ணோக்கி, ஒளிரும் சாய முறை, எலெக்ட்ரான் நுண்ணோக்கி என்று மூன்று விதமாகப் பார்ப்பார்கள், ரிப்போர்ட் தாமதமாவதற்கு அதுதான் காரணம். எஃப்.எஸ்.ஜி.எஸ். சில வடிகட்டிகளில் மட்டும் இருப்பதால், எடுத்த துண்டில் அது சிக்காமல் போகலாம். முதல் ரிப்போர்ட் மினிமல் சேஞ்ச் என்று சொல்லியும் மருந்து கேட்கவில்லை என்றால் இரண்டாவது முறை எடுக்கச் சொல்வது அதனால்தான், முதல் லேப் ஏமாற்றியதால் இல்லை.

ஏழு மாதக் கர்ப்பம். கால் வீக்கம், சிறுநீரில் புரதம். இதுவுமா?

20 வாரத்துக்குப் பிறகு என்றால் முதலில் நினைக்க வேண்டியது கர்ப்பகால ரத்த அழுத்த நோய். அன்றே மகப்பேறு டாக்டரைப் பாருங்கள். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இருந்தால் நேராக ஆஸ்பத்திரி.

எப்போது காத்திருக்காமல் ஓட வேண்டும்?

வீங்கிய குழந்தைக்குக் காய்ச்சலும் வயிற்று வலியும் சேர்ந்தால் வயிற்று நீரில் கிருமி சேர்ந்திருக்கலாம். ஒரு கால் மட்டும் திடீரென்று வலித்து வீங்கினாலோ, மூச்சு வாங்கினாலோ, விலாவில் வலித்துச் சிறுநீர் சிவந்தாலோ ரத்தக் கட்டி இருக்கலாம். இந்த நோயில் ரத்தம் எளிதில் உறையும். சிறுநீர் மிகக் குறைந்து கை கால் சில்லிட்டாலும் உடனே ஓட வேண்டும்.

கடலூர், புதுச்சேரியில் எங்கே காட்டலாம்? என்ன எடுத்துப் போக வேண்டும்?

முதல் சிறுநீர், ரத்தப் பரிசோதனைக்கு மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனை போதும். சிதம்பரம் பக்கத்தவர்களுக்கு அண்ணாமலை நகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. புதுச்சேரியில் குழந்தைகளுக்கு எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை. மருந்துக்குக் கேட்காதது, பயாப்ஸி தேவைப்படுவது என்றால் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. காலையிலேயே போய்விடுங்கள், கடலூரிலிருந்து முதல் பஸ்களில் ஏறுகிறவர்கள் பலர் அங்கேதான் போகிறார்கள்.

பையில் இருக்க வேண்டியவை: புரதம் எழுதிய நோட்டு, பழைய ரிப்போர்ட்டுகள் தேதி வாரியாக, சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகள், அந்தக் கிரீம் டப்பா, நாட்டு மருந்துப் பொட்டலம், குழந்தையின் தடுப்பூசி அட்டை. ஸ்டீராய்டு அதிக அளவில் ஓடும்போது சில தடுப்பூசிகளைத் தள்ளிப்போட வேண்டும், அதனால் அந்த அட்டையையும் கேட்பார்கள். ரிப்போர்ட்டுகளை ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். ஸ்கேன் படத்தை மட்டும் லேமினேட் செய்யாதீர்கள். அது சூடு பட்டால் கறுத்துப்போகிற காகிதம்.